ஏரி குடித்த பூட்டனார்

மருதங்குடிச் சீமையை ஆண்ட பராங்குச மழவராயருக்கு ஒரு பூட்டனார் இருந்தார். தாத்தாவுக்கு அப்பா. பூட்டனார் இல்லாத மனுஷன் உண்டா? ஆனால் இவருடைய பூட்டனார் லேசுப்பட்ட ஆளில்லை. ஏரி குடித்தவர்! ஒரு பெருமழையில் ஊர் ஏரி உடையப் போனதாம். பூட்டனார் கரையில் குப்புறப் படுத்து, அத்தனை தண்ணீரையும் ஒரே மூச்சில் உறிஞ்சி ஊரைக் காப்பாற்றினாராம். ராஜா இதைத் தினமும் சொல்வார். சபையும் "ஆஹா, ஆஹா" என்று தலையாட்டும். அரண்மனைச் சோறு தின்கிற தலை வேறென்ன செய்யும்?

ஒரு நாள் ராஜா ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனார். கூடவே, சபையில் வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பேர்போன கூத்தபிரானும் போனார். அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு ஊர்க்கதைப் பாடம்.

அந்தப் பாடத்துக்கு உலகநாத வாத்தியார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஊரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் காட்ட வேண்டும். கல்வெட்டு காட்டலாம், செப்பேடு காட்டலாம், கண்ணால் பார்த்த ஆளையும் காட்டலாம். எதுவும் இல்லையா? முட்டி போட வேண்டும். போட வைப்பது சட்டாம்பிள்ளையின் வேலை. அந்த வருஷம் பிள்ளைகள் கூடிப் பேசிச் சட்டாம்பிள்ளை ஆக்கியது செங்கமலத்தை. எட்டு வயசு. கூத்தபிரானின் ஒரே மகள். போன வாரம் ஏதோ பேய்க்கதை சொன்ன வாத்தியாரையே மத்தியானம் வரை முட்டி போட வைத்தவள் அவள்.

ராஜாவுக்கு வாய் சும்மா இருக்குமா? ஆரம்பித்துவிட்டார். "பிள்ளைகளா, எங்கள் பூட்டனார் இந்த ஏரியை ஒரே மூச்சில்..."

"ஆதாரம்?" என்றாள் செங்கமலம்.

கூத்தபிரான் மகளுக்குக் கண்ஜாடை காட்டினார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன கேட்டாய்?" என்றார் ராஜா.

"கல்வெட்டு இருக்கா? செப்பேடு? பாத்தவங்க யாராச்சும்?"

"நானே சொல்கிறேனே!"

"நீங்க அப்போ பிறக்கவே இல்லையே! முட்டி போடுங்க மகாராஜா."

"ராஜாவையா?"

"ஆளுக்கு ஒரு சட்டம்னா அப்புறம் என்னை யாரு சட்டாம்பிள்ளைன்னு மதிப்பாங்க?"

ராஜாவின் மீசை துடித்தது. "நாளைக் காலைக்குள் ஆதாரம் என் சபைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் இந்தப் பள்ளிக்கூடத்தில் குதிரை கட்டுவேன்! கூத்தபிரான், உம்ம பெண் கேட்ட ஆதாரம்தானே, நீரே கொண்டுவாரும்!"

சாயங்காலம் அப்பாவும் மகளும் ஏரிக்கரையில் நடந்தார்கள். மதகுக் கல்லைத் தேய்த்துப் பார்த்தார்கள், கோயில் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். நெல் தானம் இருந்தது, விளக்குத் தானம் இருந்தது. குடித்த சங்கதி ஒரு எழுத்துகூட இல்லை.

"நான் கேட்டது தப்பாப்பா? பள்ளிக்கூடம் போயிடுமா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"தப்பே இல்லடி கண்ணு" என்றார் கூத்தபிரான். மகளை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது, நாளைக் காலையை நினைத்தால் பயமாகவும் இருந்தது. ஒன்றும் ஓடாமல் ஏரியைப் பார்த்தார். தண்ணீர் கரை தளும்ப நின்றது. பார்த்தவருக்கு என்ன தோன்றியதோ, திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார். "வா, வீட்டுக்குப் போவோம். ஆதாரம் கிடைச்சாச்சு!"

மறுநாள் காலை சபை கூடியது. பூட்டனார் நினைவாக ஏரித் தண்ணீரைத் தீர்த்தமாகக் குடித்துத்தான் அங்கே எந்தக் காரியமும் தொடங்கும். ராஜா கையில் வெள்ளிச் செம்பு. மற்றவர்கள் கையில் கிண்ணம்.

"ஆதாரம் எங்கே?" என்று கேட்டுவிட்டு ராஜா செம்பை வாயில் கவிழ்த்தார்.

"ஏரியேதான் ஆதாரம், மகாராஜா" என்றார் கூத்தபிரான். "பூட்டனார் ஏரியை முழுக்கக் குடித்துவிட்டார், இல்லையா?"

ராஜா குடித்தபடியே தலையாட்டினார்.

"ஒரு சொட்டு பாக்கி இல்லையே?"

அதற்கும் தலையாட்டினார்.

"தாங்கள் ஒரு செம்பு குடித்தாலே கொஞ்ச நேரத்தில் சபையை நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போகிறீர்கள். அவர் ஏரி குடித்தவர்! எவ்வளவு தூரம் போயிருக்க முடியும்? பாவம், கரையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். காலியான ஏரி இன்றைக்கு எப்படித் தளும்புகிறது என்று நினைக்கிறீர்கள்?"

சபை கொஞ்ச நேரம் யோசித்தது. யோசித்து முடித்ததும் பிரதானி புரையேறிப் பக்கத்துத் தளபதியின் தலைப்பாகையில் துப்பினார். தளபதி கிண்ணத்தை ஜன்னல் வழியாக வீசினார். ராஜா செம்பைக் கீழே போட்டு எழுந்தே விட்டார்.

"குடிக்கவில்லை! எங்கள் பூட்டனார் குடிக்கவே இல்லை!"

"ஒரு வாய்கூடவா?"

"அந்தப் பக்கமே போகவில்லை ஐயா!"

"அப்படியானால் பிள்ளை கேட்டது..."

"நியாயம்! பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவே இருக்கட்டும்!"

அதற்குள் சேதி வாசலைத் தாண்டிவிட்டது. தெருவில் பெண்கள் குடங்களைக் கவிழ்க்கிற சத்தம் சபைக்கே கேட்டது. ராஜா முதலில் முறைத்தார். அப்புறம் மீசை ஆடியது, அப்புறம் தொந்தி ஆடியது, கடைசியில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் கைக்காப்பைக் கழற்றிக் கூத்தபிரானிடம் தந்தார்.

"கெட்டிக்காரர்தான் ஓய்! ஆனால் இனி ஊர் என்னத்தைக் குடிக்கும்? நான் சொன்னால் நம்புவார்களா?"

"வாய்வார்த்தையை இந்த ஊரில் இனி சின்னப் பிள்ளைகூட நம்பாது, மகாராஜா. கல்லில் வெட்டுங்கள்."

மறுநாளே ஏரிக்கரையில் ஆள் உயரக் கல் ஒன்று நட்டார்கள். முதல் ஆளாகப் போய் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள் செங்கமலம்:

"ஸ்வஸ்திஸ்ரீ. பராங்குச மழவராயர் ஆணை. சந்திர சூரியர் உள்ளவரை இவ்வேரியில் இருப்பது மழைத் தண்ணீரே."