பந்தயக் காருக்குக் காற்றுப் பார்த்த கதை

கோயம்புத்தூரில் கார்ப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வேலை தெரிந்த பட்டறைகளும் நிறையவே உண்டு. நம்முடைய பட்டறை அவற்றில் ஒன்றல்ல.

அங்கே பெரியண்ணன்தான் தலைமை மெக்கானிக். அவருக்குக் கீழே குழந்தைவேலு, மாகாளி என்று இரண்டு பேர். மூவரும் கூடிப் பேசாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டார்கள். கழற்றிய நட்டை எங்கே வைத்தோம் என்பதற்கு இன்னொரு கூட்டம் நடக்கும்.

பட்டறைக்கென்று மிச்சமிருந்த ஒரே வாடிக்கையாளர் ஜெகதீசன். அவருடைய பந்தயக் காரில் இன்ஜின் முன்னால் இல்லை. சீட்டுக்கு முதுகுப்புறம், வண்டியின் நடுவில் இருந்தது. அதற்கு டர்போ போட்டாயிற்று. இன்ஜினுக்குள் டர்போ தள்ளுகிற காற்று கொதிக்கும். அந்தச் சூட்டைத் தணிக்க இன்டர்கூலர். இன்டர்கூலரில் ஓடுகிற தண்ணீரைக் குளிரவைக்க ரேடியேட்டர் மாதிரி ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை எங்கே மாட்டுவது என்பதுதான் கேள்வி. போன தடவை சீட்டுக்கு அடியில் மாட்டினார்கள். இன்ஜின் குளிரவில்லை, ஜெகதீசன்தான் வெந்துபோனார்.

"காத்து நல்லா அடிக்கிற எடமாப் பாத்து மாட்டுங்க. இந்தவாட்டியும் கொதிச்சுதுன்னா வண்டியச் சிங்காநல்லூர்ப் பட்டறைல விட்ருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வண்டியும் போய்விட்டால் பட்டறையில் கூடிப் பேச விஷயமே இருக்காது. அந்த நினைப்பைத்தான் பெரியண்ணனால் தாங்க முடியவில்லை.

தோளில் கிடந்த துண்டை எடுத்து, வண்டியைச் சுற்றி ஒவ்வோர் இடமாகப் பிடித்துப் பார்த்தார். காற்றடித்தால் துண்டு ஆடும். அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. வண்டியின் கூரைமேல் பிடித்தபோது படபடவென்று ஆடியது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றுவதை மூவரும் பார்க்கத்தான் செய்தார்கள். எதிலிருந்து வந்தால் என்ன, காற்று காற்றுதானே என்று பெட்டியைக் கூரைமேல் ஏற்றினார்கள். வண்டியை வெளியே எடுத்தபோது பட்டறை வாசலின் விட்டத்தில் இடித்துப் பெட்டி தானாகவே இறங்கிவிட்டது.

வண்டி உயரமாகிவிட்டதா, வாசல் குட்டையாகிவிட்டதா என்று மத்தியானம் வரை ஆராய்ந்தார்கள். தப்பு வாசல் மேல்தான் என்று முடிவானது.

மாகாளி மெதுவாக வாயைத் திறந்தான். "மூக்குப் பக்கம் மாட்டுனா என்னங்ணா? ஓடறப்ப அங்கதான காத்து மோதும்."

பெரியண்ணன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்ஜின் நடுவுல இருக்குது. நோவு ஒரு பக்கம், வைத்தியம் ஒரு பக்கமா?"

"காச்சல்னா நெத்தீலதானுங்க ஈரத்துணி போடறோம்," என்றான் குழந்தைவேலு.

யோசிக்க வேண்டிய விஷயம்தான். மூவரும் யோசித்தார்கள். ஆனால் வண்டிக்கு நெற்றி எது என்பதில் கருத்து ஒத்துவரவில்லை. ஆகவே, கைக்கு எட்டிய சரியான இடம் ஒருமனதாகத் தள்ளுபடியானது.

மறுபடி துண்டைப் பிடித்தபோது பெரியண்ணன் ஃபேனை நிறுத்தச் சொன்னார். அந்த அளவுக்கு அவருக்கு அனுபவம் வந்திருந்தது. அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்குக் கதவு வழியாக உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. வண்டியின் பின்புறம் அந்தக் கதவைப் பார்த்து நின்றது. பின்பக்க பம்பர் அருகே பிடித்த துண்டு கையை விட்டே பறந்துபோனது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பெட்டியைப் பின்னால் மாட்டினார்கள்.

ஜெகதீசன் வந்து ஓட்டிப் பார்த்தார். தெருமுனை தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. அவர் அப்படியே சிங்காநல்லூர்ப் பக்கம் வண்டியை விட்டார். பெரியண்ணனுக்கு உயிரே போய்விட்டது. செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடினார். டீக்கடை அருகே வண்டி புகைந்து நின்றிருந்ததால் பிடிக்க முடிந்தது.

"பெட்டி பின்னாடி இருக்குதுங் சார். பின்னாடியே போய்ப் பாருங்க, காத்து நேரா மோதும்," என்றார் மூச்சு வாங்க.

ஜெகதீசன் ஆத்திரத்தில் ரிவர்ஸ் கியரைப் போட்டார். முள் இறங்கியது. இன்னும் கொஞ்சம் போனார். இன்னும் இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் அவர் நிறுத்தாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். வந்து நின்ற இடம் நம்முடைய பட்டறை.

"வண்டில குத்தமே இல்லீங் சார். நீங்கதான் திரும்பி உக்காந்திருக்கீங்க," என்று தீர்ப்புச் சொன்னார் பெரியண்ணன்.

ஊரில் இத்தனை பட்டறைகள் இருக்க, இதைத் தேடிப் பிடித்து வந்தவர் அல்லவா ஜெகதீசன்? சீட்டைத் திருப்பிப் போடச் சம்மதித்தார். பந்தயத்தில் பின்னால் வருகிறவர்களைப் பார்க்கிற கண்ணாடியை அப்புறம் எங்கே மாட்டுவீர்கள் என்று மட்டும் கேட்டார்.

வண்டி கைவிட்டுப் போகவில்லை, மேற்கொண்டு பேசவும் விஷயம் கிடைத்துவிட்டது. பெரியண்ணனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. குழந்தைவேலுவின் தோளிலிருந்த துண்டை வாங்கி உதறினார்.

"கண்ணாடிக்குக் காத்து வேணுமா வேண்டாமான்னு மொதல்ல ஒரு முடிவுக்கு வருவமுங்க."