பிரேக் மேல் ஒரு புகார்

சென்னியப்பன் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது அவருக்கு ஏழெட்டு வயதிருக்கும். மழை விட்ட மாலை. வாய்க்கால் பாலத்தை ஒட்டிய வளைவில் மில் முதலாளியின் மகன் ஒரு சாம்பல் நிறக் காரைத் திருப்பினான். டயர் ஈரத் தார்மேல் இழுபட்டது. பட்டுத் துணியை மெல்ல மெல்லக் கிழிப்பதுபோல ஓர் ஒலி எழுந்தது. துணி கிழிந்து முடிவதற்குள் கார் நேராகிப் போய்விட்டது. சத்தம் அடங்கிய பிறகும் சிறுவன் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தான்.

அறுபது வயதில் அவர் தன் இரும்பு வார்க்கும் பவுண்டரியை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தார். மறுவாரமே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பினார்.

"நாப்பது வருசமா ஓட்டிட்டுத்தானே இருக்கறீங்க?" என்றாள் மனைவி பாவாத்தாள்.

"ஓட்டல. நகர்த்திட்டு இருந்தேன்" என்றார்.

கற்றுக்கொடுத்தவள் யூனிஸ். அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். மலைப்பாதைப் பந்தயங்களில் ஓட்டிப் பேர் எடுத்து, ஒருநாள் போதும் என்று நிறுத்திக்கொண்டவள். பல்லடம் சாலையில் விமானம் இறங்குவது நின்றுபோன ஒரு பழைய ஓடுதளத்தை வாடகைக்குப் பிடித்திருந்தாள். வகுப்பு விடியற்காலையில் மட்டும்தான். வெயில் ஏறுவதற்குள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

முதல் நாள் அவர் காரை நெருங்கியதும் அவருடைய ஷூவைப் பார்த்தாள்.

"அதைக் கழட்டிட்டு வாங்க."

"இதென்ன கோயிலுங்களா?"

"வண்டி உங்ககிட்டப் பேசறது கால் வழியாத்தான். நடுவுல எதுக்கு ரெண்டு இஞ்சு ரப்பரு?"

அன்றிலிருந்து அவர் வெறுங்காலோடுதான் ஓட்டினார். அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டார். முதலில் கிண்டலாக. பிறகு அப்படி இல்லை.

ஒருமுறை அவர் கேட்டார். "வளைவுல சரியா எந்த இடத்துல ஸ்டீயரிங்கைத் திருப்போணும்?"

அவள் டம்ளர் தளும்பத் தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். ஓடுதளத்தின் கோடிவரை வேகமாக நடந்துபோய்த் திரும்பி வரச் சொன்னாள். போனார், வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"எந்த இடத்துல கையைச் சாய்ச்சீங்க?"

யோசித்தார். தெரியவில்லை.

அவள் டம்ளரை வாங்கித் தண்ணீரைக் குடித்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றாள்.

அப்படி இரண்டு வருஷம் போயிற்று. அதன் பிறகுதான் அவர் அந்த வண்டியை வாங்கினார். ஸ்போர்ட்ஸ் செடான். மாதுளை முத்தின் நிறம். ஷோரூம்காரர்கள் காட்டிய படத்தில் அது ஒரு மலை வளைவில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து பறந்துகொண்டிருந்தது. படத்தைப் பார்த்தபோதே அவருக்குக் காதில் பட்டுத் துணி கிழிந்தது.

வண்டி வந்த மூன்றாவது வாரம், ஒரு சித்திரை மாத நண்பகலில், அவர் அதை ஓட்டிக்கொண்டு ஓடுதளத்துக்கு வந்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். யூனிஸ் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காவல்கார ராயப்பன் பக்கத்தில் பீடியோடு உட்கார்ந்திருந்தான். கார் நிழலின் ஓரத்தில் வந்து குலுங்கி நின்றது. கண்ணாடி இறங்கியது.

"ஏமாத்திப் போட்டாங்க, வாத்தியாரம்மா."

"யாருங்க?"

"இந்த வண்டிக்காரனுகதான். ஸ்டீயரிங்கா இது? மோர் கடையற மாதிரி இருக்குது. சுத்தறேன், சுத்தறேன், முன்சக்கரம் எந்த ஊர்ல இருக்குதுன்னே தெரியல. வளைவுல போட்டா வயித்தால போறவனாட்டம் நெளியுது. ஸ்போர்ட்ஸ்னு பின்னால எழுத்து மட்டும் ஒட்டியிருக்கறான்."

ராயப்பன் சிரித்தான். "எழுத்து பளபளன்னு இருக்குதுங்கய்யா."

"நீ சும்மா இரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதக்கூட மன்னிச்சிருவேன். பிரேக்குதான். அதுல உசிரே இல்லீங்க. மிதிச்சா ஒண்ணுமில்ல. இன்னுங் கொஞ்சம் மிதிச்சா ஆளையே தூக்கி எறியுது. நடுவுல ஒண்ணுமே கிடையாது."

யூனிஸ் வாய்க்குக் கொண்டுபோன கையை இறக்கினாள்.

"பிரேக்கா?"

"பிரேக்கேதான். கோத்தகிரி மலைல கீழ இறங்கிட்டு இருக்கறோம், எதுத்தாப்புல பஸ்ஸு. மிதிக்கறேன், நிக்கல. அப்புறம் நின்னுது பாருங்க, பாவாத்தா மண்டை போய் முன்சீட்டுல இடிச்சுது. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் ஒரு சாண். அவ இனி இந்த வண்டில ஏறவே மாட்டேங்கறா."

"ஷோரூம்ல என்ன சொல்றாங்க?"

"ஸ்டீயரிங்கைப் பத்தி ஊரே சொல்லுதாம். பிரேக்கைப் பத்தி என்னையத் தவிர ஒருத்தருஞ் சொல்லலியாம். உங்க வாத்தியாரம்மா ஓட்டிப் பாத்துப்போட்டு பிரேக் சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், வண்டியத் திரும்ப எடுத்துக்கறோம்ங்கறான் அந்த மேனேஜர்." அவர் ஜன்னலுக்கு வெளியே எட்டி அவள் முகத்தைப் பார்த்தார். "அந்த ஒரு வார்த்தை எனக்கு வேணுங்க. இதைக் குடுத்துப்போட்டு நல்லதா ஒண்ணு வாங்கோணும். எனக்கு இன்னும் எத்தனை வருசம் இருக்குது?"

அவள் கை கழுவினாள். செருப்பை மரத்தடியில் விட்டுவிட்டுக் காரில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல்ல நீங்க ஓட்டுங்க. அந்த வெள்ளைக் கோட்டுல நிறுத்துங்க."

அவர் வேகம் எடுத்தார். கோடு நெருங்கியது. கார் தயங்கவே இல்லை. பிறகு சுவரில் மோதியதுபோல நின்றது. யூனிஸ் இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டாள்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" அவர் குரலில் வெற்றி இருந்தது.

அவள் கோட்டைப் பார்க்கவில்லை. குனிந்து கீழே பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று சென்னியப்பன் நினைத்தார். அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

"இறங்குங்க. நான் ஓட்டிப் பாக்கறேன்" என்றாள்.

இருவரும் இறங்கினார்கள். ஓடுதளத்தின் நட்டநடுவில் நிழலென்று எதுவும் இல்லை. தார் இளகிக் கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தது. யூனிஸ் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தபடி காரைச் சுற்றி ஓடிவந்தாள். மரத்தடியிலிருந்து ராயப்பன் கத்தினான்.

"அம்மணி, ஆட்டம் சோக்கா இருக்குது!"

சென்னியப்பன் கதவை மறித்துக்கொண்டு நின்றிருந்தார். இன்னும் அவர் பேசி முடிக்கவில்லை.

"மிதிக்கறப்பவே உள்ளங்கால்ல ஒரு சேதி வரோணுமில்லீங்க? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே? இதுல ஒரு சேதியும் வரல. கல்லு மேல கால் வெச்ச மாதிரி..."

"வழி விடுங்கய்யா, கால் வேகுது!"

"உங்க காலுக்கு என்ன வந்துது? மலையேறி ஓட்டுன காலு, இத்துனூண்டு வெயிலுக்கு இந்த டான்ஸ் ஆடுது!" சிரித்துக்கொண்டே அவர் காரின் கூரையில் கை ஊன்றினார். "ஆத்தீ!" என்று வெடுக்கென்று கையை எடுத்தார். விரல்களை ஊதிக்கொண்டார். "கொதிக்குதுங்க. தோசை வாக்கலாமாட்ட இருக்குது."

யூனிஸின் ஆட்டம் நின்றது.

அவள் அசையாமல் நின்றாள். அவளுடைய பாதங்கள் தாரின்மேல் இருந்தன. அவளுக்கு அது மறந்துபோயிருந்தது.

"கை சுட்டுதுங்களா?"

"சுடாதா பின்ன?"

"கால்?"

"காலுக்கென்ன?"

அவள் குனிந்து பார்த்தாள். அவள் பார்வை போன இடத்துக்கு அவர் பார்வையும் போனது.

கீழே இரண்டு கால்கள் நின்றிருந்தன. வெறுங்கால்கள். எவ்வளவு நேரமாக நிற்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு காலைத் தூக்கினார். தார் விட மனமில்லாமல் பிசுபிசுத்து விட்டது. உள்ளங்காலில் தோல் வெள்ளையாக உப்பி, ஓரமாகக் கழன்று தொங்கியது. யாரோ ஒருவருடைய காலைத் தன் கையில் கொடுத்துவிட்டுப் போனதுபோல அதைப் பார்த்தார்.

வலிக்கவில்லை. அதுதான் அவரைக் குலைத்தது. ஒரு சின்ன வலிகூட இல்லை.

"ராயப்பா!" என்று யூனிஸ் போட்ட கூச்சல் ஓடுதளம் முழுக்கக் கேட்டது.

ராயப்பன் தண்ணீர்ப் பானையோடு ஓடிவந்தான். அதற்குள் அவள் அவரைப் பின்சீட்டில் தள்ளி உட்கார வைத்துக் காலை வெளியே நீட்டச் செய்திருந்தாள். சென்னியப்பன் காலைப் பார்க்க மாட்டாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஊத்து, ராயப்பா" என்றார்.

ராயப்பன் யூனிஸைப் பார்த்தான்.

"ஊத்திட்டுத்தானுங்க இருக்கறேன்."

தண்ணீர் தாரில் விழுந்து ஆவியாகிக்கொண்டிருந்தது.

"சர்க்கரைக்கு மாத்திரை போடறீங்களா?" என்று கேட்டாள் யூனிஸ்.

"ஞாபகம் வந்தாப் போடுவேன்." பிறகு சிறுபிள்ளைபோலக் கேட்டார். "எப்பருந்துங்க வாத்தியாரம்மா? எப்பருந்து இது?"

அவள் கதவைச் சாத்தினாள். முன்னால் போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். ராயப்பன் அவளுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். அவர் பின்சீட்டில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி குலுங்காமல் மெல்ல வேகம் குறைந்து நிற்பதை அவர் முதுகு அறிந்தது. முகத்தைச் சீட்டுக்குள் புதைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து யூனிஸ் வார்டுக்குப் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் பாவாத்தாள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் இடிபட்ட இடம் மஞ்சள் பூத்திருந்தது. உள்ளே வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, அவரைச் செருப்பக் கழட்டச் சொன்னது நீதானே?"

"நான்தாங்க."

பாவாத்தாள் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை என்றதும் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு. வண்டிக்குச் சக்கரத்துக்கொரு எலுமிச்சம்பழம் வெச்சாரு. தன் காலைக் குனிஞ்சு பாக்க நேரமில்லை. உன்னையச் சொல்லி என்ன பண்ண?"

சென்னியப்பன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வாரம் முழுக்க ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.

"ஷோரூமுக்குப் போனீங்களா, வாத்தியாரம்மா?"

"போனேன்."

"ஓட்டிப் பாத்ததைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். ஸ்டீயரிங் செத்த ஸ்டீயரிங்னு சொன்னேன். வளைவுல நெளியுதுன்னு சொன்னேன். நீங்க சொன்னது அத்தனையும் சரிதான். ஓட்டறவனுக்குப் பண்ணின வண்டியே இல்ல அது. மேனேஜருக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு."

சென்னியப்பன் சிரித்தார். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. "நான் சொன்னேனில்ல? மோர் கடையற மாதிரின்னு?"

"மோரேதான்."

தன் இரண்டு கைகளையும் எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். விரல்களை மடக்கினார், விரித்தார். பாவாத்தாளும் சிரித்தாள், இவர் சிரிக்கிறாரே என்பதற்காக.

பிறகு சிரிப்பு மெல்ல வடிந்தது. அவர் கண் போர்வையின் கோடிக்குப் போனது. அங்கே போர்வைக்கு அடியில் அவருடைய பாதங்கள் கட்டுப்போட்டுக் கிடந்தன.

"பிரேக்கு?" என்று கேட்டார்.

வார்டில் எங்கோ ஒரு தட்டு விழுந்தது. பாவாத்தாள் யூனிஸின் முகத்தையே பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை. அதை மாற்றிச் சொன்னால் ஷோரூம்காரர்கள் வண்டியை எடுத்துக்கொள்வார்கள். கட்டிலில் கிடப்பவர் நிம்மதியாகத் தூங்குவார். வேறு ஒரு வண்டி வாங்குவார்.

யூனிஸ் நாற்காலியை இழுத்து அவர் அருகில் போட்டுக்கொண்டாள்.

"அருமையான பிரேக்குங்கய்யா" என்றாள். "கால்விரல் அழுத்தற அளவுக்கு நிக்குது."

சென்னியப்பன் தன் கைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் அவருடைய வலது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை.