கட்டிலோடு ஒப்படைத்த துப்பாக்கி

கொக்கரைப்பட்டியில் பன்றி விரட்ட ஒரேயொரு துப்பாக்கி இருந்தது. லைசென்ஸ் பெரியண்ணன் பெயரில். தேர்தல் வந்தால் ஓட்டுக் கேட்பவர்கள் ஊருக்குள் வருவார்கள், துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விடும். இந்தத் தேர்தலுக்கு அன்று சாயங்காலத்துக்குள் ஒப்படைக்காவிட்டால் லைசென்ஸ் ரத்து. அப்புறம் கடலைக்காடு பன்றிகளுக்குத்தான்.

பெரியண்ணனோ துப்பாக்கியைக் கட்டிலில் ஜமுக்காளத்துக்கடியில் வைத்து, அதன்மேல் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தெரிந்த வக்கீல் ஒருவர் பெரியண்ணனின் மூன்று மகன்களிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "வழியில போலீஸ் நிறுத்தினா, கையெல்லாம் வெளியே தெரியணும். துப்பாக்கி இருக்குன்னு முதல்ல சொல்லணும். அவங்க சொல்லாம அதைத் தொடக் கூடாது."

"தொடாம எப்படிண்ணா கொண்டுபோறது?" என்றான் இளையவன் அர்த்தனாரி.

மூத்தவன் செங்கோடன் வெகுநேரம் யோசித்தான். "கட்டிலைத் தொடலாமில்ல?"

அப்பாவோடு கட்டிலை டெம்போவில் ஏற்றினார்கள். நடுவன் நாச்சிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தவன் சட்டென்று விட்டுவிட்டான். "அண்ணா, என் கை உள்ளே இருக்குது!"

"இறங்குடா. தள்ளிட்டுப் போனா எல்லார் கையும் வெளியேதான்."

சாலை நேராக இருந்தவரை வண்டியும் நேராகப் போனது. செக்போஸ்ட் அருகே சாலை மட்டும் திரும்பியது. வண்டி தடுப்புக்கு வைத்திருந்த டிரம்களில் மோதி நின்றது.

"பிரேக் எங்கடா?" என்று கத்தினார் சப்-இன்ஸ்பெக்டர்.

"உள்ளே இருக்குதுங்க சார். நாங்க வெளியே இருக்கோம்."

"உன் பேரென்ன?"

"துப்பாக்கி இருக்குதுங்க."

"எந்த ஊரு?"

"துப்பாக்கி இருக்குதுங்க."

கான்ஸ்டபிள்கள் டிரம்களுக்குப் பின்னால் பாய்ந்தார்கள். "எடுத்துக் கீழே வை!" என்று ஒரு டிரம் கத்தியது.

மூவரும் கட்டிலை இறக்கிச் சப்-இன்ஸ்பெக்டர் காலடியில் வைத்தார்கள். பெரியண்ணன் புரண்டு படுத்தார். துப்பாக்கிக் குழாய் எட்டிப் பார்த்தது.

லைசென்ஸைப் பார்த்ததும் சப்-இன்ஸ்பெக்டருக்கு மூச்சு வந்தது. "சரி, ஒப்படைச்சாச்சு. அப்படியே வெச்சுட்டுப் போங்க. தேர்தல் முடிஞ்சதும் வந்து வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு டிரம்களை நிமிர்த்தப் போனார்.

அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள்.

கான்ஸ்டபிள்கள் கட்டிலை ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போனதும் விழித்துப் பார்த்த பெரியண்ணன் வீட்டுக்குப் போக மறுத்துவிட்டார். "என்னை ஒப்படைச்சவங்க வந்து வாங்கணும். சட்டம்னா சட்டம்." உரிமை கேட்டு உள்ளே போனவர்களுக்கு ஒருநாளும் கிடைக்காத சூடான டீ அவருக்கு இரண்டு வேளையும் கிடைத்தது.

ஓட்டு எண்ணி முடித்ததும் மகன்கள் வந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போங்கப்பா!"

மூவரும் ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள். செங்கோடன் திரும்பி வந்தான்.

"அடுத்த மாசம் பஞ்சாயத்துத் தேர்தலாமே சார். எதுக்கு ரெண்டு தடவை தள்ளிட்டு வர்றது? இங்கேயே இருக்கட்டும்."