முப்பது இட்லி மாஸ்டர்கள்

கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்து விற்கும் அவிநாசியப்பன் ஒரு சந்தேகம் கேட்க மலையடிவாரத்துக்கு வந்தார். சந்தேகம் என்று அவர்தான் சொல்லிக்கொண்டார். முடிவை அவர் காரில் ஏறும்போதே எடுத்துவிட்டார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட வெள்ளியம்மாவுக்கு நாற்பத்திரண்டு. ஓர் ஓட்டு வீடு, ஒரு பசு, சரிவுக்குக் கீழே ஓர் ஊற்று. ஆசிரமம் என்பது இவ்வளவுதான். ஆடிக்கு ஒன்று, தைக்கு ஒன்று என்று ஒன்பது வருடமாக அவிநாசியப்பன் அங்கே பொன்னாடை கொண்டுவந்து கொடுக்கிறார். கடையில் வாங்கியது அல்ல. அகலம் இவ்வளவு, ஜரிகை இவ்வளவு, ஓரத்தில் குஞ்சம் இவ்வளவு என்று தறிக்காரரிடம் சொல்லி நெய்தது. கையில் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, உடனே கிளம்பிவிடுவார். தொழிற்சாலையில் வேலை இருக்கும்.

இன்றும் பையில் ஒரு பொன்னாடை இருந்தது.

வெள்ளியம்மா ஊற்றிலிருந்து தலையில் குடத்தோடு ஏறி வந்தார். குடத்தை இறக்கி வைத்தார். தலையில், குடத்துக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த துணிச் சும்மாடு அப்படியே இருந்தது.

"சொல்லுங்க முதலாளி."

"மனசே சரியில்லீங்கம்மா. நாலு மணிக்குள்ள உகாண்டாவுக்குப் பதில் சொல்லோணும்."

"அங்க யாரு?"

"நமுகாசான்னு ஒரு அம்மா. கம்பாலாவுல கடை வெச்சிருக்காங்க. ஆறு மாசம் முந்தி நூறு கிரைண்டர் அனுப்புனோம். அத்தனையும் வித்துப்போச்சு."

"நல்லதுதானே."

"எதுக்கு வாங்கறாங்கன்னு கேளுங்க." அவர் குரல் தழுதழுத்தது. "வேர்க்கடலை அரைக்கறாங்கம்மா!"

"நல்லா அரையுதாமா?"

"வெண்ணெயாட்டம் அரையுதாம். அதுதானுங்கம்மா வேதனை."

வெள்ளியம்மா வாசற்படியில் உட்கார்ந்தார். அவிநாசியப்பன் போனை எடுத்து, வந்திருந்த மின்னஞ்சலைப் படித்தார். வரிக்கு ஒரு பெருமூச்சு விட்டார்.

இன்னும் நானூறு வேண்டும். ஆனால் தேங்காய்த் துருவி வேண்டாம். மாவு பிசையும் கம்பி வேண்டாம். கடலை தெறிக்கிறது, மூடி கெட்டியாக இருக்க வேண்டும். மோட்டார் மூன்று மணி நேரம் விடாமல் ஓட வேண்டும். கடைசியாக ஒன்று. மெஷினில் ஒட்டியிருக்கும் படத்தை எடுத்துவிட வேண்டும். அந்தப் பெண் ஏன் தட்டு நிறைய வெள்ளைக் கல்லை வைத்துக்கொண்டு சிரிக்கிறார் என்று வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்.

"வெள்ளைக் கல்லு! அது இட்லிங்கம்மா. சிரிக்கறது என் சம்சாரம்."

"தெய்வாத்தாள் என்ன சொல்றாங்க?"

"முப்பது வருசமாத் தட்டைப் பிடிச்சுக் கை வலிக்குது, என்னை இறக்கி விடுங்கங்கறா. அவளுக்கு அருமை தெரியல."

"ஆர்டரை விட்டுட்டா?"

"ரெண்டாவது ஷிப்டை நிறுத்தோணும். அறுபத்திரண்டு பேருங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நம்மூர்ல யார் வீட்ல கிரைண்டர் இல்ல, சொல்லுங்க? இனி வெளியூரை நம்பித்தான் ஓட்டோணும்."

"அப்போ செஞ்சு அனுப்ப வேண்டியதுதானே?"

"இட்லிக்குன்னு செஞ்சதுங்கம்மா அது!"

பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து அவர் முன் விரித்தார். உள்ளே வரிசையாக ஆண்களின் புகைப்படங்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"முப்பது இட்லி மாஸ்டருங்க. எல்லாத்துக்கும் பாஸ்போர்ட் எடுத்தாச்சு. தெருத்தெருவா இட்லி ஊத்திக் காட்டுவாங்க. ஒரே வருசத்துல அந்த ஊரே இட்லி சாப்பிடும். அப்புறம் கிரைண்டரைக் கிரைண்டரா விக்கலாம். மொதல்ல இட்லி, அப்புறந்தான் மெஷினுன்னு பதில் எழுதப் போறேன்."

"அந்த அம்மா ஒரு வருசம் காத்திருப்பாங்களா?"

"நாலு மணி தாண்டுனா வேற கம்பெனிக்குப் போயிருவாங்களாம்."

"சரி. என்கிட்ட என்ன கேக்கறீங்க?"

அவிநாசியப்பன் கைகூப்பினார்.

"ஒரு பொருளோட அருமை தெரியாதவங்களுக்கு அதை எப்படீங்கம்மா புரிய வெக்கறது?"

வெயில் சுட்டது. வெள்ளியம்மா தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து உதறி, அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பச்சைத் துணி. இரண்டு பக்கமும் ஜரிகை.

அவிநாசியப்பன் அதைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"அம்மா, இது..."

"உங்களுதுதான். ஆடிக்குக் கொண்டாந்தது."

"போன தைக்கு ஒரு செவப்பு..."

வெள்ளியம்மா மோவாயால் காட்டினார். தாழ்வாரத்தில் ஒரு சிவப்பு மூட்டை தொங்கியது. உள்ளே கட்டியிருந்த தயிரிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. அதற்கு அப்பால் பசு, மஞ்சள் பட்டுத் திரைக்குப் பின்னால் நின்று அசை போட்டது.

அவிநாசியப்பன் விரல் விட்டு எண்ணினார்; மூன்றும் அவர் கொடுத்த பொன்னாடைகள்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றார் வெள்ளியம்மா. "துணி அருமையா இருக்குது. குடம் ஒரு சொட்டுச் சிந்தறதில்ல. ஆனா நீளம் ஒரு முழம் அதிகம். குஞ்சம் கண்ணுல குத்துது. அடுத்த தடவை குஞ்சம் இல்லாமக் கொண்டாங்க."

"அம்மா!" அவர் எழுந்தே விட்டார். "பொன்னாடைங்கறது தோள்ல போர்த்தறதுங்க. மரியாதைங்க அது. ஒம்போது வருசமா நான் உங்களுக்குச் சும்மாட்டுத் துணியா கொண்டாந்தேன்?"

"அப்படீங்களா? சொல்லவே இல்லையே."

வெள்ளியம்மா பச்சைத் துணியைத் தோளில் போர்த்திக்கொண்டார். முதுகை நிமிர்த்தினார். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, மேடையில் உட்கார்ந்த சிறப்பு விருந்தினரைப் போல நேராகப் பார்த்தார்.

"இப்பத்தாங்கம்மா நல்லா இருக்குது," என்றார் அவிநாசியப்பன்.

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. வெள்ளியம்மா அசையவில்லை. பசு கத்தியது. தயிர் சொட்டியது. அவிநாசியப்பனுக்குத் தொண்டை காய்ந்தது. வெள்ளியம்மா இறக்கி வைத்த குடத்தை எட்டிப் பார்த்தார். பசு அதற்குள் திரைக்கு வெளியே தலையை நீட்டி அதை உருட்டிக் காலி செய்திருந்தது.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி..."

"இன்னொரு குடம் ஊத்துப் பக்கத்துல ரொப்பி வெச்சிருக்கேன்."

"நீங்க..."

"பொன்னாடை போர்த்தியிருக்கேன் முதலாளி. எந்திரிச்சா நழுவிரும்."

வேறு வழியில்லாமல் அவரே இறங்கினார். குடம் பித்தளை. இடுப்பில் வைத்துப் பார்த்தார். வேட்டி நனைந்தது. தோளில் வைத்தார். நாலு எட்டில் எலும்பு கத்தியது. கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். தலையில் தூக்கினார். அடி விளிம்பு மண்டையில் அழுந்தியது. மறுபடி இறக்கி வைத்தார். தோளில் பை தொங்கியது. பைக்குள் புதுப் பொன்னாடை இருந்தது.

அவிநாசியப்பன் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் சரிவில் ஏறி வந்தார். நீல ஜரிகைச் சும்மாடு, அதன் மேல் குடம். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஒரு கண்ணை மட்டும் இறுக்கி மூடியிருந்தார்.

"என்ன ஆச்சு முதலாளி?"

"குஞ்சம் கண்ணுல குத்துதுங்கம்மா."

வெள்ளியம்மா எழுந்து வந்து குடத்தை இறக்கிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். பச்சைப் பொன்னாடை நழுவி விழுந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

அவர் ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று முப்பத்தைந்து. போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார்.

"ராக்கியப்பா, உகாண்டாவுக்கு எழுது. நானூறும் அனுப்பறோம்னு சொல்லு. துருவியை எடுத்துரு. கம்பியை எடுத்துரு. மூடி கெட்டியா. மோட்டார் மூணு மணி நேரம் தாங்கோணும், இன்னிக்கே ஓட்டிப் பாரு." கொஞ்சம் நிறுத்தினார். "அம்மணி படத்தையும் எடுத்துரு. கை வலிக்குதாம்."

மறுமுனையில் ராக்கியப்பன் ஏதோ கேட்டார். அவிநாசியப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டு வெள்ளியம்மாவைப் பார்த்தார்.

"மாஸ்டருங்க முப்பது பேரும் பெட்டியோட ஆபீஸ்ல உக்காந்திருக்காங்களாம். என்னங்கம்மா சொல்றது?"

"ஊருக்கே சொல்லிக் குடுக்கக் கிளம்புனவங்கதானே, ஒருத்தரை இங்க அனுப்பச் சொல்லுங்க முதலாளி. நம்ம ரெண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்தச் சொல்லிக் குடுக்கட்டும்."