நடுப்புள்ளி துரத்திய நாலு பேர்

மணற்குடாவில் அறிவுக்குப் பஞ்சம் இல்லை. அதை எடுத்துச் செலவழிக்கத்தான் யாருக்கும் மனம் வராது. அதிலும் கயத்தானும் அவர் படகில் போகிற மூன்று பேரும் ரொம்பச் சிக்கனம்.

அந்தப் படகுக்குப் புதிதாக ரேடார் வைத்தார்கள். கம்பத்தின் உச்சியில் ஆண்டெனா சுற்றிக்கொண்டே இருக்கும். அது அனுப்புகிற அலை எதன்மீதாவது பட்டுத் திரும்பினால், உள்ளே திரையில் ஒரு புள்ளி விழும். மாட்டிவிட வந்த மெக்கானிக் ஜெபராஜ் பொறுமையான மனிதர். புள்ளி என்றால் படகு, எந்தப் புள்ளியையும் கிட்டே விடாதீர்கள், படகிலேயே ஆண்டெனாதான் உயரமாக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திரையின் நடுவில் எப்போதும் நிற்கும் புள்ளி அவர்களுடைய படகுதான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது சொல்லாமலே தெரியும் என்று நினைத்துவிட்டார். பாவம், வெளியூர்க்காரர்.

முதல்முறை ரேடாரோடு கடலுக்குப் போன அன்றைக்குத்தான் தஸ்நேவிசுக்குக் கல்யாணம். நாலு பேரில் அவன் இளையவன். விருந்துக்குச் சீலா மீன் வேண்டுமென்று விடியலில் கிளம்பினார்கள். நிச்சயதார்த்தத்துக்கே மறுநாள் வந்து சேர்ந்த மாப்பிள்ளை அவன். அதனால் பெண்ணின் அப்பா நிக்கலாஸ், சாயங்காலம் நாலு மணிப் பூசைக்குக் கோயில் வாசலில் ஆள் இல்லையென்றால் பெண்ணை மறந்துவிடு என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். தஸ்நேவிசுக்குப் பிரகாசி என்றால் உயிர். அவளுக்காக எதையும் செய்வான், யோசிப்பதைத் தவிர.

ஆண்டெனாவைவிட எதுவும் உயரக் கூடாதே என்று முதலில் கொடியை இறக்கினார்கள். அருளப்பன் நெட்டை. ஆண்டெனாவில் பாதிகூட வர மாட்டான், இருந்தாலும் எதற்கு வம்பு என்று குனிந்தே வலை இழுத்தான். ஒரு கடற்காக்கை வந்து ஆண்டெனா மேலேயே உட்கார்ந்து ராட்டினம் சுற்றியபோதுதான் சிக்கலாகிவிட்டது. படகை நிறுத்திப் பேசினார்கள். காக்கை கூலிக்கு வந்த ஆள் இல்லை, ஆகவே சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்று இன்னாசி தீர்ப்புச் சொன்னார். அவர்களில் இன்னாசிதான் விவரமானவர்.

மீன் நன்றாகவே பட்டது. திரும்பலாம் என்று நினைக்கும்போது மழை மூட்டம் கட்டியது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

"நடுவுல ஒருத்தன் நிக்கான்," என்றார் கயத்தான்.

இடது பக்கம் ஒடித்தார்கள், அவன் நடுவிலேயே இருந்தான். வலது பக்கமும் அப்படியே. முழு வேகத்தில் ஓட்டினாலும் ஒரு விரல்கூட விலகவில்லை. இன்ஜினை நிறுத்திப் பார்த்தார்கள்.

"நாம நின்னா அவனும் நிக்கான். மரியாத தெரிஞ்சவன்தான்," என்றார் இன்னாசி.

"மரியாத தெரிஞ்சவன் ஏம்ணே விடாம வாறான்?" என்று தஸ்நேவிஸ் கேட்டான்.

பசியாக இருக்கும் என்று முடிவாயிற்று. பாதி மீனைக் கடலில் எறிந்தார்கள். புள்ளி போகவில்லை. வயிறு நிறையவில்லை போலும் என்று மீதியையும் எறிந்தார்கள். அப்புறமும் போகாததால், கரைக்குப் போனால் இவனைக் கல்யாண வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனதாகிவிடும் என்று ஆழ்கடலைப் பார்த்து ஓடினார்கள்.

மணி மூன்றை நெருங்கியது. தஸ்நேவிசுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வயர்லெஸில் கரையைக் கூப்பிட்டு, பிரகாசியிடம் சொல்லிவிடுங்கள், எங்களை ஒருத்தன் துரத்துகிறான் என்றான். கல்யாணத்துக்கு வந்திருந்த ஜெபராஜ்தான் எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நடுவுல இருக்கது நீங்கதாம்யா. உங்க படகு. இப்பமே திருப்புனா பூசைக்கு வந்துரலாம்."

தஸ்நேவிஸ் மூன்று பேரையும் கட்டிப்பிடித்துக்கொண்டான். கயத்தான் படகைக் கரைப்பக்கம் திருப்பினார். இன்னாசி மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் புள்ளிதான துரத்துச்சு?"

"ஆமா."

"அந்தப் புள்ளி நாமதான?"

"மெக்கானிக்கே சொல்லிட்டாருல்லா."

"அப்பம் துரத்துனது நாம."

யாரைத் துரத்தினோம் என்று அருளப்பன் மெதுவாகக் கேட்டான். திரை முழுக்கத் தேடினார்கள். வேறு புள்ளியே இல்லை. பயந்து திரையை விட்டே ஓடியிருக்கிறான் என்றார் இன்னாசி.

"மீனை வேற எடுத்து அவன் மேல எறிஞ்சிருக்கோம்," என்று கயத்தான் தலையில் கைவைத்தார்.

தஸ்நேவிஸ் கரை இருக்கும் திசையைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது. பிறகு கயத்தானை நகர்த்திவிட்டுத் தானே சக்கரத்தைப் பிடித்து, படகை மறுபடி ஆழ்கடலுக்குத் திருப்பினான்.

"ஒருத்தன அழ வச்சிட்டு எப்படிண்ணே மாலை மாத்துவேன்? மன்னிப்புக் கேட்டு, அவனையும் கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வந்துருவோம்."

வயர்லெஸில் பூசை மணி கேட்டது. பின்னாலேயே நிக்கலாஸின் குரலும், அதையும் மீறிப் பிரகாசியின் குரலும் கேட்டன. ஆனால் யாருக்கும் பதில் சொல்ல நேரமில்லை. கயத்தான் இன்ஜினை முழு வேகத்துக்கு முடுக்கினார். மாப்பிள்ளை முன்னால் போய் நின்று, ஈ காக்கை இல்லாத கடலைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினான்:

"அண்ணே, ஓடாதிய! நாங்க துரத்தல!"