நடுங்கிய கை

கணபதிப் பகுதியில் உலோக வார்ப்படங்களுக்கு மர மாதிரி செய்து கொடுக்கும் பட்டறை ஜெசிந்தாவுடையது. அவளிடம் தொழில் கற்க வந்தவர்களில் பொன்னுரங்கம் மட்டும் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மகள் வயதுக்காரியை வாய் நிறைய மாஸ்டர் என்று கூப்பிட்டார்.

அவருடைய மகள் தமயந்தி விபத்தில் கால் ஒடிந்து ஊன்றுகோலில் நடந்துகொண்டிருந்தாள். கடையில் வாங்கிய கைப்பிடி உறுத்தி, உள்ளங்கை கொப்பளித்துப் போயிருந்தது. அப்பாவோடு அவள் பேசி வருஷக்கணக்காகிறது. இதுவும் மனைவி சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

அவள் கைக்குப் பொருந்துகிற கைப்பிடி ஒன்றை அவரே செய்ய நினைத்தார். வீட்டுக் கொட்டகையில் வடிவத்தை நகலெடுத்து வெட்டும் ரவுட்டர் மெஷின் ஒன்றைக் கட்டினார். நீளமான இரும்புக் கை. அதன் ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் மோட்டாரும் கட்டரும். ஊசி மாதிரியின் விளிம்பைத் தடவிக்கொண்டு போகும். கட்டர் அதே வடிவத்தை வெட்டும்.

மரத்தில் அழகாக வந்தது. அலுமினியத்தில் வைத்ததும் மெஷின் அலறியது. கட்டர் ஒடிந்து, துண்டு அவர் காதை உரசிப் பறந்து சுவரில் பட்டது.

ஜெசிந்தாவை வீட்டுக்கே அழைத்து வந்தார்.

"இந்த அலுமினியம் சரியில்லைங்க மாஸ்டர். மரம் பாருங்க, எவ்வளவு அடக்கமா வந்துச்சு."

"எதுனால அப்படிங்கறீங்க?"

"சிலது பிறவியே அப்படி. எம் பிள்ளைகளையே எடுத்துக்குங்க. ரெண்டையும் ஒரே மாதிரிதான் வளர்த்தேன். பையன் இன்னிக்கு வரைக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. இவதான் தொட்டதுக்கெல்லாம் கத்துவா. கத்திட்டே வெளிய போயிட்டா."

ஜெசிந்தா மரக் கைப்பிடியை வாங்கிப் பார்த்தாள்.

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சீங்களா?"

"நல்லாத் தேய்ச்சேங்க."

அவள் நீலச் சாக்கட்டியைப் படுக்கவைத்து மரத்தின் மேல் லேசாகத் தடவினாள். வழவழப்பாகத் தெரிந்த விளிம்பில், வரி வரியாக அலைகள் எழுந்து வந்தன.

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். "இது எங்கிருந்து வந்துச்சு?"

"மெஷினோட கை நடுங்குது. மரத்துலயும் நடுங்கியிருக்கு. மரம் மெத்துன்னு இருக்கறதால கத்தல, அவ்வளவுதான்."

அவர் இரும்புக் கையைப் பிடித்து அசைத்தார். அசைந்தது.

அடுத்த வாரம் அந்த இரும்புக் கையோடு இன்னொரு இரும்பைப் பற்றவைத்து இரட்டையாக்கினார். அலுமினியம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. கைப்பிடியை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்கு அவரே போனார். அங்கிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தார்.

"வாங்கிக்கிட்டாளா?" என்றாள் ஜெசிந்தா.

"வாங்கிக்கிட்டா. கோல்ல மாட்டி நடந்து பார்த்தா. அப்புறம் பழசையெல்லாம் எடுத்து ஒரு மணி நேரம் திட்டினா. நின்னு கேட்டுட்டு வந்தேன்."

ஜெசிந்தா தலையாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினாள். அவர் போகாமல் நின்றார்.

"மாஸ்டர்."

"சொல்லுங்க."

"பையன் ஒருநாளும் எதுவும் சொன்னதில்லைங்களே."

"நீங்க கேட்டீங்களா?"