வராதவரிடம் கேட்டது

தென்காசியில் குடியை விட நினைப்பவர்களுக்கு ஒரு சிகிச்சை மையம் இருந்தது. யாரும் அங்கே தங்குவதில்லை. வாரம் ஒருமுறை வந்து, ஒன்றாக உட்கார்ந்து பேசி, மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அதை நடத்தியவர் டாக்டர் செண்பகவல்லி. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற கோதண்டம் அவரிடம் ஆலோசகர் வேலை பழகினார். வயதில் டாக்டரைவிட மூத்தவர். ஆனாலும் தன்னை அவருடைய மாணவன் என்றே சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் வந்தவர்களிடமெல்லாம் சிகிச்சை எப்படி இருக்கிறது என்று கோதண்டம் கேட்டார். ஒருவர் விடாமல் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவருக்கு மகிழ்ச்சி தாளவில்லை.

“மேடம், நம்ம சிகிச்சை நல்ல சிகிச்சைதானே?”

டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு, வாங்க என்று அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

போய் நின்றது சுடலைமுத்து வீட்டில். பந்தல் போடுகிறவர். நன்றாகத் தேறிவந்து, திடீரென்று மையத்துக்கு வராமல் நின்றுபோனவர். இப்போது மறுபடி குடி. மூங்கில் ஏறினால் கை நடுங்கியது. இருவரையும் கண்டதும் உள்ளே நழுவப் பார்த்தார். உங்களைக் கூட்டிப்போக வரவில்லை, எங்களிடம் எது சரியில்லை என்று கேட்டுப்போகத்தான் வந்தோம் என்று டாக்டர் சிரித்தார்.

சுடலைமுத்து கோதண்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

“குடிக்காத வாரமெல்லாம் என்னை நடுவுல நிறுத்தி எல்லாரையும் கைதட்ட வச்சீங்க சார். மச்சினன் கல்யாணத்துல குடிச்சிட்டேன். கைதட்டுனவங்க முன்னால எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?”

கைதட்டும் வழக்கம் கோதண்டம் ஆசையாகக் கொண்டுவந்தது. அவர் சுடலைமுத்துவின் கையைப் பிடித்து, இனி அது கிடையாது, குடித்திருந்தாலும் வாங்க என்றார்.

அடுத்த வாரம் சுடலைமுத்து வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. காத்திருக்கும் பெஞ்சு பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக் கிடக்கிறது, ஊரே வேடிக்கை பார்க்கிறது என்றார். கோதண்டம் சார் அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் கடைசி பஸ்ஸும் போய்விடுகிறது என்றார். அதுவரை வாயே திறக்காத சிலர் ஆமாம் ஆமாம் என்றார்கள். சிரிப்பில் அறையே அதிர்ந்தது. கோதண்டமும் சிரித்துவிட்டார்.

எல்லோரும் போனபின், பெஞ்சைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கோதண்டம் டாக்டரிடம் கேட்டார்.

“முன்ன எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. இப்ப ஆளாளுக்குக் குறை சொல்றாங்களே மேடம்?”

பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தபடி டாக்டர் சொன்னார்:

“இவ்வளவு நாளும் மரியாதைக்கு வந்தாங்க சார். இப்பத்தான் வைத்தியத்துக்கு வந்திருக்காங்க.”